மச்சான் அனுப்பிய கோகோவுக்கு நேர்ந்தது

ஆனைமலைத் தென்னந்தோப்பில் இருக்கும் என் மனைவியின் அண்ணன், மதிப்புக்குரிய ராஜமாணிக்கம் மச்சானுக்கு,

ஆரம்பாக்கத்திலிருந்து உங்கள் தங்கை செல்வியின் கணவன் தணிகைவேல் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே யாவரும் நலம். இப்படி எழுதாமல் தொடங்கினால் படிக்கிறவர் பயந்துவிடுவார் என்பதால் எழுதியிருக்கிறேன். எவ்வளவு நலம் என்பது போகப் போகத் தெரியும். அங்கே அக்காவும் பிள்ளைகளும், தென்னைக்கு ஊடே நீங்கள் வைத்திருக்கும் கோகோ மரங்களும் சௌக்கியமாக இருக்க எங்கள் எல்லையம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். போனில் உங்கள் குரல் கேட்டதும் செல்வி அதைப் பிடுங்கிக்கொள்வாள், அப்புறம் அழுவாள், அப்புறம் நீங்களும் அழுவீர்கள், விஷயம் நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் இரும்பு ரோலிங் மில்லில் லாரிகளை எடை போடுகிற எடைமேடை அறையில் உட்கார்ந்து, லாரி வராத நேரமாகப் பார்த்து இதை எழுதுகிறேன். கிரேனில் இருக்க வேண்டியவனுக்கு எடைமேடையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் மில்லில் கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருஷா வருஷம் உடல் பரிசோதனை உண்டு. ரத்தக் கொதிப்பு இருந்தால் மேலே ஏற விட மாட்டார்கள். நியாயம்தான். பழுக்கக் காய்ந்த இரும்பை ஜனங்கள் தலைக்கு மேல் தொங்கவிட்டு நகர்த்துகிறவனுக்குக் கண் இருட்டினால் கீழே இருப்பவன் கதி என்ன? இந்த ஆடி மாதப் பரிசோதனையில் எனக்குக் கூடுதலாகக் காட்டியது. முதலுதவி அறை நர்ஸ் மெர்சி, கையில் கட்டிய பட்டையை அவிழ்த்துக்கொண்டே, "அண்ணா, தீபாவளிக்கு முன்னாடி இன்னொரு வாட்டி பாப்போம். மாத்திரைய ஒழுங்கா போடுங்க, உப்பு எண்ணெ ஸ்வீட்டெல்லாம் கொறைங்க. அப்பவும் இப்டியே இருந்திச்சின்னா நான் கையெழுத்து போட மாட்டேன்" என்றாள். உங்களிடம் மறைப்பானேன் மச்சான், பயந்துபோனேன். எங்கள் தெருவில் தணிகைவேல் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கிரேன்காரர் வீடு என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும். அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தால்தான் நானும் ஓர் ஆள் என்று எனக்குத் தோன்றும். தரையில் நிற்கிற தணிகைவேலோடு எனக்கே அவ்வளவாகப் பழக்கமில்லை.

இந்தச் சேதி செல்வி மூலமாக உங்களுக்கு வந்து, நீங்களும் மனசு கேட்காமல் உங்கள் தோப்பில் விளைந்த கோகோ விதையை ஒரு சாக்குப் பையில் கட்டி பார்சல் சர்வீஸில் போட்டீர்கள். அதோடு ஒரு குறிப்பும் வைத்திருந்தீர்கள். அந்தக் குறிப்பில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். என் மகள் பூமிகா எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படித்தாள். கடையில் விற்கிற சாக்லெட்டில் சர்க்கரையும் பாலும்தான் ஆட்சி செய்கின்றன, கோகோவின் சத்தெல்லாம் அதற்குள் செத்துப்போகிறது. அதிகம் பக்குவப்படுத்தாத விதையில்தான் ரத்தக் குழாயை இளக வைக்கிற சத்து இருக்கிறது, இரும்புச் சத்தும் நார்ச்சத்தும் இருக்கின்றன. மனசுக்கும் தெம்பு. ஆகவே வேகவைக்க வேண்டாம், கருக வறுக்க வேண்டாம், சர்க்கரை வேண்டாம், பால் வேண்டாம். தோலை நகத்தால் உரித்துவிட்டு உள்ளே இருப்பதைக் கொஞ்சமாக மென்று தின்றால் போதும். அளவு மீறினால் தூக்கம் கெடும். இவ்வளவுதான் நீங்கள் எழுதியது. பூமிகா படித்து முடித்ததும் உங்கள் தங்கை கேட்ட முதல் கேள்வி இது: "அப்டியே பச்சையா துன்றதுக்கு எங்க அண்ணன் இன்னா மாட்டுக்கா அனுப்பிக்கீறாரு?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பிறந்த வீட்டிலிருந்து வந்த பொருளை அப்படியே எடுத்து வாயில் போட்டுக்கொள்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. நீங்கள் பூசணிக்காய் அனுப்பினாலும் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் ஒரு நாள் உட்காரவைத்து, அப்புறம்தான் செல்வி கத்தி வைப்பாள். கோகோவுக்கும் அந்த மரியாதை நடந்தது. நடுவில் அவள் பார்க்காத நேரம் ஒன்றை உரித்து வாயில் போட்டுப் பார்த்தேன். கசப்பு என்றால் அப்படியொரு கசப்பு. ஆனாலும் நாற்காலியை நினைத்துக்கொண்டு மென்று விழுங்கிவிட்டேன். உங்கள் குறிப்பின்படி கோகோ சாப்பிடப்பட்டது அந்த ஒரு தடவைதான் என்பதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளவும்.

மறுநாள் செல்வி பையைப் பிரித்து முகர்ந்தாள். லேசான புளிப்பு வாடை அடித்தது. காயை உடைத்து விதையைப் புளிக்கவைத்துத்தான் காயவைப்பார்கள், அந்த வாடை அதற்கு இருக்கத்தான் செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் தோப்பு வாங்கி ஆனைமலைக்குப் போகுமுன் இந்தப் பக்கம் நெல்லு விளைகிற வீட்டில் பிறந்து, நெல்லு விளைகிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்குத் தானியத்தில் புளிப்பு வாடை என்றால் ஒரே அர்த்தம்தான். மழையில் நனைந்த மூட்டை. நனைந்த நெல்லை என்ன செய்வோம்? முளை விடுவதற்குள் புழுக்கிக் காயவைத்துக் காப்பாற்றுவோம். அவள் முகம் சுருங்கிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு என்னிடம் மெல்லச் சொன்னாள்: "அண்ணன் பார்சல் வழியில நனைஞ்சிட்டுக்குதுய்யா. இத்த அவருகிட்ட சொல்லாத, மனசு ஒடைஞ்சிடுவாரு. நானே சரி பண்ணிட்றேன்." மச்சான், உங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் அடுப்பில் அண்டா ஏறியது. அடுத்த நாள் காலை உங்கள் கோகோ புழுங்கல் கோகோ ஆகியிருந்தது.

நீ ஏன் தடுக்கவில்லை என்று கேட்கலாம். கிரேன் ஓட்டுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கீழே இருப்பவன் கை காட்டினால்தான் தூக்குவான், கை காட்டினால்தான் இறக்குவான். தானாக ஒன்றும் செய்ய மாட்டான். இந்த விவகாரத்தில் எனக்கு யாரும் கை காட்டவில்லை. அதனால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெந்தது காய வேண்டாமா? வாசலில் மழைத் தண்ணீர் நின்றதால் நெல் காயவைக்கிற மாதிரியே சர்வீஸ் ரோட்டின் ஓரமாகப் பரப்பி, சுற்றிலும் கல் வைத்து, செல்வி குடை பிடித்துக் காவல் உட்கார்ந்தாள். எளாவூர் சோதனைச் சாவடியைத் தாண்டி வந்த ஒரு சரக்கு லாரி டீக்கடைக்காக ஒதுங்கியபோது பின்சக்கரம் அதன் மேலேயே ஏறி இறங்கியது. டிரைவர் குதித்து வந்து, "இன்னாம்மா இது, புளியங்கொட்டையா? தெரியாம ஏத்திட்டேன், கோச்சிக்காத" என்று கும்பிட்டார். செல்வி குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தாள். தோல் தனியாக, பருப்பு தனியாகக் கழன்றிருந்தது. முகம் மலர்ந்துபோய், "கோச்சிக்கிறதா? இன்னோர் வாட்டி ஏத்துப்பா, அந்தாண்ட இன்னும் கீது" என்றாள். அவரும் பெரிய மனசு பண்ணி முன்னும் பின்னுமாக ஓட்டிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். உரிக்கிற வேலை மிச்சம். டீசல் வாடைதான் ஏறிக்கொண்டது. அந்த வாடை போக வேண்டும் என்று இரும்புச் சட்டியில் போட்டு வறுத்தாள். வாடை போகிறவரைக்கும் வறுத்தாள். போனபோது அது கரியாகியிருந்தது. கரியை மெல்ல முடியாது, அரைக்க வேண்டும். மாவு மிஷின்காரர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "அரிசிக்கு முன்னாடி இத்த போட்டா ஊர் இட்லியெல்லாம் கறுத்துடும்மா, மொளகாய்க்கு அப்பறம் போட்டுத் தரேன்" என்று மிளகாய்க்கு அப்புறமே போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த மாவைத் தொட்டு நாக்கில் வைத்த பூமிகா குடத்தோடு தண்ணீர் குடித்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சந்திரகலா வந்து சேர்ந்தாள். கசப்பும் காரமும் சேர்ந்தால் பித்தம் தலைக்கேறும், வெல்லம்தான் முறிவு என்றாள். வெல்லம் போட்டார்கள். வெல்லம் போட்டதும் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது, உருட்ட வரவில்லை, நெய் ஊற்றினார்கள். நெய் அதிகமாகிவிட்டது, பொட்டுக்கடலையை இடித்துக் கொட்டினார்கள். அப்போது கோகோவே தெரியவில்லை என்று வருத்தப்பட்டு, பூமிகா போனைப் பார்த்தாள். "நைனா, இதுல பால்பவுடரும் முந்திரியும் போட்டா கோகோ டேஸ்டு தூக்கும்னு போட்டுக்கிறான்" என்றாள். தூக்குவது என் தொழில், ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் எலுமிச்சம்பழம் அளவில் உருண்டைகள் ஒரு பெரிய தூக்கு நிறைய வந்தன. அண்ணன் வீட்டுப் பொருள் என்பதால் தெருவுக்கெல்லாம் கொடுத்தாள். வாங்கியவர்களெல்லாம் ராஜமாணிக்கம் கை ராசியே ராசி என்றார்கள். உங்கள் கோகோ அதில் நிறத்துக்கு மட்டும் இருந்தது.

உருண்டையின் ருசியைப் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன். அப்படி ஒன்றை நான் இதுவரை தின்றதில்லை. காலை நாஷ்டாவுக்கு முன்னால் ஒன்று, பிறகு ஒன்று, சூலூர்பேட்டை லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே ஒன்று, டிபன் பாக்ஸின் மேல்தட்டில் கிரேனுக்கு ஒன்று. உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டால் நம்மவர்கள் எதையும் அளவோடு சாப்பிட மாட்டார்கள், நானும் நம்மவன்தான். செல்வி ஒரு நாள் என் மாத்திரை அட்டையை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டாள். "எங்க அண்ணன் மருந்து உள்ள போய்க்கினு கீது, இந்த மருந்து இன்னாத்துக்கு? ரெண்டும் சண்ட போட்டுக்கினா?" என்றாள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மாத்திரையை நிறுத்தினேன். மனசுக்குத் தெம்பு என்று எழுதியிருந்தீர்கள், அது உண்மை. பரிசோதனை நெருங்க நெருங்க எனக்குக் கவலையே இல்லை.

பரிசோதனை நாளன்று மெர்சி பட்டையைக் கட்டிக் காற்றடித்தாள், பார்த்தாள், அவிழ்த்தாள், என்னைக் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னாள், மறுபடி கட்டினாள். "அண்ணா, ஆடிக்கு இருந்தத விட ஏறிக்கீது. மாத்திர போட்றீங்களா?" என்றாள். மாத்திரை எதற்கு, நான் கோகோ அல்லவா சாப்பிடுகிறேன், அதுவும் அதிகம் பக்குவப்படுத்தாத கோகோ என்று கொஞ்சம் மிடுக்காகவே சொன்னேன். அவள் முகம் பிரகாசமானது. "நல்லதுதான்ணா, நானே படிச்சிக்கீறேன். ஆனா மாத்திரைக்குப் பதிலா இல்ல, மாத்திரையோட கூட. எப்டி சாப்டறீங்க, காட்டுங்க" என்றாள். டிபன் பாக்ஸைத் திறந்தேன். உருண்டையை ஒரு விள்ளல் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். வெகுநேரம் திறக்கவில்லை. திறந்ததும், "அண்ணா, இது கோகோ இல்ல, இது தீபாவளி" என்றாள். மிச்ச உருண்டையையும் தின்றுவிட்டு, கையெழுத்து மட்டும் போடவில்லை.

அன்று மத்தியானமே கிரேன் சாவியை வாங்கிக்கொண்டு என்னை எடைமேடைக்கு அனுப்பினார்கள். பொங்கல் கழித்து ஒரு கடைசிப் பரிசோதனை உண்டு, அதிலும் தவறினால் ஓய்வு பெறுகிற வரைக்கும் இங்கேதான். லாரி ஏறும், முள் அசையும், நான் சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன். என் கிரேனை யாரோ ஒருவர் ஓட்டுகிறார். இரும்பை இறக்கும்போது கடைசியில் லேசாகக் குலுக்குகிறார். ஷெட்டுக்குள்ளிருந்து சத்தம் வரும்போதெல்லாம் என் கை தானாக லீவரைத் தேடுகிறது. இது எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது மச்சான்.

ஆகவே மரியாதையுடன் சொல்லிக்கொள்வது: கோகோ உடம்புக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஆரம்பாக்கத்துக்கு அது ஒத்துவராது. வேகவைக்காமல், வறுக்காமல், இனிப்புப் போடாமல் ஒரு பொருளைச் சாப்பிடுவது என்றால் அதற்கு அந்த வீட்டில் அன்பு கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வசதி இல்லை. இனிமேல் தயவுசெய்து கோகோ அனுப்ப வேண்டாம். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் தேங்காய் அனுப்புங்கள். அதை என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியும். உங்கள் தங்கைக்கு உடம்பு கல்லாட்டம் இருக்கிறது, அவளைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். தோப்பில் காய் தலையில் விழாமல் பார்த்து நடக்கவும். எல்லையம்மன் எல்லோரையும் அவரவர் இடத்தில் வைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
எடைமேடையிலிருந்து,
தணிகைவேல்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி மடித்துப் பையில் வைத்தேன், தபாலில் சேர்க்கவில்லை. அதற்குள் செல்வி மில்லுக்கே வந்துவிட்டாள். சாப்பாடு கொண்டுவந்ததாகக் கேட்டில் சொல்லிவிட்டு நேராக முதலுதவி அறைக்குப் போய் மெர்சியிடம், "எங்க அண்ணன் குடுத்தத துன்னவருக்குக் கொதிப்பா? உன் மிஷின்தாம்மா ரிப்பேரு, அவர இன்னாத்துக்குக் கீழ எறக்கின?" என்று சத்தம் போட்டாள். மெர்சி கோபப்படவில்லை. "ரிப்பேரான்னு உங்க கையில கட்டிப் பாத்துடலாம், ஒக்காருங்கக்கா" என்றாள். சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது பட்டையைக் கட்டியிருந்தாள். இத்தனை வருஷத்தில் உங்கள் தங்கையின் கையில் யாரும் அதைக் கட்டிப் பார்த்ததில்லை. எண் ஏறிக்கொண்டே போய், எனக்கு நின்ற இடத்தைத் தாண்டி, வெகு மேலே போய் நின்றது. தண்ணீர் கொடுத்து, உட்காரவைத்து, மறு கையில் கட்டினாள். அப்போதும் அதேதான். செல்வி வெற்றி பெற்ற முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா, நான் சொல்லல? எனக்கே இவ்ளோ காட்டுது, மிஷின் ரிப்பேருதான்" என்றாள். மெர்சி சிரிக்கவில்லை. நான் அங்கேயே லீவுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன் மச்சான்.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டியாயிற்று. மாத்திரை தொடங்கியிருக்கிறது, எனக்கும் மறுபடி தொடங்கியிருக்கிறது. இனி இரண்டு பேருடைய மாத்திரையும் என் சட்டைப் பையில்தான் இருக்கும். கோகோவைப் பற்றி அந்த டாக்டரைக் கேட்டேன். மாத்திரையை நிறுத்தாமல், சர்க்கரை சேர்க்காமல், வெறும் விதையாகக் கொஞ்சம் சாப்பிட்டால் நல்லதுதான் என்றார். செல்வியோ, அண்ணன் தன் வீட்டுக்காரருக்காகத்தான் அனுப்பினார், அதில் தனக்குப் பங்கு கிடையாது என்கிறாள். கிரேன் போனால் எனக்கு எடைமேடை இருக்கிறது. இவள் இடத்துக்கு மாற்றாக எனக்கு எந்த இடமும் தெரியாது.

ஆகவே கோகோ அனுப்ப வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளவும். உடனே அனுப்புங்கள், அதே புளிப்பு வாடையோடு. நான் தோலை உரித்துக் கொண்டுபோய், அவள் முகம் சுளித்தாலும் மென்று விழுங்கும் வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். பார்சலை மில் கேட்டுக்கு, என் பெயருக்கு அனுப்பவும். வீட்டு முகவரிக்கு வந்தால் அத்தனையையும் எனக்குச் சமைத்துப் போட்டுவிடுவாள்.